விமானத்தில் தரும் இலவச கிட்: நம்பிப் போகலாமா?

வைகைக்கரை

வணக்கம் நண்பர்களே. அப்பாவும் அம்மாவும் அடுத்த மாதம் சென்னையிலிருந்து துபாய் வழியாக சான் பிரான்சிஸ்கோ போகிறார்கள், தங்கையின் பிரசவத்துக்கு. எமிரேட்ஸ், எகானமி. இருவருக்கும் இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். கையில் கொண்டுபோகும் பைக்கு ஆளுக்கு 7 கிலோ. மாத்திரை, ஃபைல், ஒரு செட் மாற்றுத்துணி என்று அது இப்போதே பிதுங்குகிறது.

சித்தப்பா மகன், "பிரஷ், பேஸ்ட், சாக்ஸ் எல்லாம் பிளேனிலேயே அழகாக ஒரு பையில் போட்டுத் தருவான், நீங்கள் எதையும் சுமக்க வேண்டாம்" என்கிறான். அவன் ஆபீஸ் செலவில் பிசினஸ் கிளாஸில் பறக்கிறவன். அதனால்தான் கொஞ்சம் இடிக்கிறது. எகானமியிலும் தருகிறார்களா? தந்தால் அதை நம்பி இதையெல்லாம் வீட்டிலேயே விட்டுவிடலாமா? அப்பா இன்சுலின் போடுகிறார். அம்மாவுக்குப் பல் செட். இதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

தேரா_துபாய்

உங்கள் தம்பி சொல்வது பாதி உண்மை. சென்னை – துபாய் நாலு மணி நேரம். அதில் எகானமியில் எதையும் எதிர்பார்க்காதீர்கள். துபாய் – சான் பிரான்சிஸ்கோ ஏறக்குறைய 16 மணி நேரம். அந்த மாதிரி நீண்ட பயணங்களில் எமிரேட்ஸ் எகானமிக்கும் ஒரு சின்னப் பை தருகிறது. சாக்ஸ், கண்ணை மறைக்கும் மாஸ்க், காதடைப்பான், பிரஷ், சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பேஸ்ட். அவ்வளவுதான். பிசினஸில் தருவது வேறு ரகம்: பல்கேரி கம்பெனி வாசனைத் திரவியம், கிரீம், சீப்பு, ஷேவிங் சாமான் வரைக்கும் இருக்கும். உங்கள் தம்பி பார்த்தது அது.

தந்தால் சரி, தராவிட்டால் பணிப்பெண்ணிடம் "டூத் பிரஷ் ப்ளீஸ்" என்று கேட்கச் சொல்லுங்கள். பல விமானங்களில் தனியாக வைத்திருப்பார்கள். கேட்பவர்களுக்கு மட்டும்தான் வெளியே வரும்.

பழைய_பேப்பர்

16 மணி நேரத்துக்கு அந்தக் கிட் யானைப் பசிக்குச் சோளப்பொரி. அந்தப் பிரஷ்ஷை வைத்து இரண்டாவது தடவை விளக்கிப் பாருங்கள், பாதி முடி வாயில் இருக்கும். காதடைப்பானை முக்கால்வாசிப் பேர் பிரிப்பதே இல்லை. விமானம் தரையிறங்கியதும் சீட்டுக்குக் கீழே குனிந்து பாருங்கள், பிரிக்காத பொட்டலங்களாகக் கிடக்கும். அதைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் உறை வேறு.

இது பயணிக்காகச் செய்வதில்லை, விளம்பரத்துக்காகச் செய்வது. வாசனைத் திரவியக் கம்பெனிக்குத் தன் பெயரைப் பணக்காரப் பயணி கையில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். விமானக் கம்பெனிக்கு ஒரு பெரிய பெயர் ஒட்டிக்கொள்ள வேண்டும். நடுவில் இதையே தொழிலாகச் செய்யும் ஃபார்மியா, வெஸ்கோ மாதிரி சப்ளையர்கள் இருக்கிறார்கள். இருவரையும் சேர்த்துவைத்துப் பையைத் தைத்துக் கொடுப்பது அவர்கள் வேலை.

உங்கள் அம்மா அப்பாவுக்கு இரண்டு நல்ல பிரஷ் வாங்கி ஒரு ஜிப் கவரில் போடுங்கள். கிராம் கணக்கில்தான் எடை கூடும்.

வார்டு_நர்ஸ்

நான் பர்மிங்ஹாமில் நர்ஸாக இருக்கிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை என்று எழுதியிருப்பதால் சாக்ஸைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

கிட்டில் வருவது குளிருக்கான மெல்லிய சாக்ஸ், எல்லாக் காலுக்கும் ஒரே அளவு. நீண்ட நேரம் உட்கார்ந்தே இருப்பதால் காலில் இரத்தம் கட்டாமல் இருக்கப் போடுவது வேறு. அது முட்டிவரை இறுக்கிப் பிடிக்கும் அழுத்தக் காலுறை. 5 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணங்களில் அதைப் போட்டவர்களுக்கு, வெளியே தெரியாமல் உருவாகும் இரத்தக்கட்டு குறைவாகவே வருகிறது என்று, மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. கால் வீக்கமும் குறையும். கிட் சாக்ஸ் அந்த வேலையைச் செய்யாது. இரண்டும் சாக்ஸ்தானே என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் ஓடிப்போய் அப்பாவுக்கு அழுத்தக் காலுறை வாங்கிவிடாதீர்கள். சர்க்கரைக்காரர்களில் சிலருக்குக் காலில் இரத்த ஓட்டமே குறைவாக இருக்கும், அவர்களுக்கு அது கெடுதல். அவருடைய டாக்டரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. விமானக் கழிப்பறைத் தரை ஈரமாக இருந்தால் அது தண்ணீர் என்று நம்பாதீர்கள். அந்த மெல்லிய சாக்ஸோடு உள்ளே போய், அதே சாக்ஸோடு வந்து போர்வைக்குள் காலை நுழைப்பவர்களை ஒவ்வொரு பயணத்திலும் பார்க்கிறேன். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கு எங்கே ஈரம், எங்கே கீறல் என்று தெரியவே தெரியாது. குனியாமல் மாட்டக்கூடிய செருப்பு ஒன்று சீட்டுக்கு அடியில் இருக்கட்டும். கால் வீங்கும் என்பதால் ஷூவைக் கழற்றினால் திரும்ப ஏறாது, அதற்கும் அந்தச் செருப்புதான் கைகொடுக்கும்.

சாக்ஸின் மேல் விளிம்பு ரப்பர் சிலருக்கு இறுக்கிப் பிடிக்கும். இரண்டு மணி நேரம் கழித்துக் கழற்றிப் பாருங்கள், தோலில் வளையமாகத் தடம் பதிந்திருந்தால் மறுபடி போட வேண்டாம். வீட்டில் போட்டுத் தளர்ந்துபோன பருத்தி சாக்ஸ் அதைவிட எவ்வளவோ மேல்.

இன்சுலின், சிரிஞ்சு, சர்க்கரை பார்க்கும் மெஷின் எல்லாம் கைப்பையில்தான். செக்-இன் பெட்டிக்குள் வைத்தால் சரக்குப் பகுதிக் குளிரில் உறைந்துபோகலாம். டாக்டர் சீட்டையும் கூடவே வையுங்கள்.

வைகைக்கரை

அக்கா, மிகவும் நன்றி. கழிப்பறை விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. அப்பா வீட்டிலேயே வெறுங்காலோடு நடக்கிற ஆள். பல் செட்டுக்கு ஏதாவது சொல்ல முடியுமா?

வார்டு_நர்ஸ்

பல் செட் போடும் டப்பாவையும், அதற்கான பிரஷ்ஷையும் வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கிட்டில் அதற்கு உதவுவதாக எதுவும் இருக்காது. கழிப்பறைக் குழாய்த் தண்ணீரில் கழுவவோ வாய் கொப்பளிக்கவோ வேண்டாம். அது விமானத் தொட்டித் தண்ணீர், குடிப்பதற்கு உகந்ததில்லை என்று பல விமானங்களில் எழுதியே ஒட்டியிருப்பார்கள். பணிப்பெண்ணிடம் ஒரு கப் குடிதண்ணீர் வாங்கிக்கொண்டு உள்ளே போகலாம். கழற்றிய செட்டை டிஷ்யூவில் சுற்றிச் சாப்பாட்டுத் தட்டில் வைக்கவே கூடாது. தட்டோடு சேர்ந்து குப்பைக்குப் போய்விடும்.

ஜன்னலோரம்

கிட்டை எல்லோரும் திட்டுகிறீர்கள். அதில் உருப்படியான இரண்டு சாமான் உண்டு: கண் மாஸ்க், காதடைப்பான். பழைய_பேப்பர் சொன்னதுபோல மக்கள் காதடைப்பானைப் பிரிப்பதில்லை என்றால், காரணம் அதை எப்படிப் போடுவது என்று யாரும் சொல்லித் தராததுதான். பஞ்சுபோல இருக்கிறதே என்று அப்படியே காதில் அமுக்கினால் பாதி வெளியே நிற்கும், ஐந்து நிமிடத்தில் விழுந்துவிடும்.

இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து, திரி திரிப்பதுபோல மெல்லிசாக உருட்டுங்கள். மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதின் மேல்நுனியைப் பிடித்துச் சற்று மேலும் பின்னுமாக இழுங்கள். இப்போது உருட்டியதை உள்ளே நுழைத்து, அது உள்ளேயே உப்பும்வரை விரலால் அரை நிமிடம் பிடித்துக்கொள்ளுங்கள். என்ஜின் இரைச்சல் சட்டென்று தூரமாகப் போய்விடும். பக்கத்துச் சீட்டுக் குழந்தையின் அழுகை முழுவதும் போகாது, ஆனால் தூங்க விடும்.

இறங்க ஆரம்பித்ததும் எடுத்துவிடுங்கள். அந்த நேரத்துக் காதுவலி காற்றழுத்தத்தால் வருவது, பஞ்சு அதை நிறுத்தாது. எச்சில் விழுங்க வேண்டும், மிட்டாய் சப்பலாம், கொட்டாவி விடலாம். அறிவிப்பும் காதில் விழ வேண்டும் இல்லையா.

என்னைக் கேட்டால் கிட்டில் இருக்க வேண்டியதும் எகானமியில் பெரும்பாலும் இல்லாததுமான பொருள் உதட்டுக்குத் தடவும் பாம். விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் 10 முதல் 20 சதவீதம்தான். உதடு வெடிக்கும், மூக்கு உள்ளே காய்ந்து எரியும், கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் கண்ணுக்குள் மணல். பிசினஸ் கிட்டில் முகத்துக்கு, கைக்கு, கண்ணுக்குக் கீழே என்று வகைவகையாக வைப்பது இதனால்தான், வெறும் பகட்டு என்று தள்ளிவிட முடியாது. அம்மாவுக்குத் தெரிந்த வழி, சின்ன டப்பாவில் கொஞ்சம் வாஸ்லின் அல்லது தேங்காய் எண்ணெய். உதட்டுக்கு, கைக்கு, குதிகாலுக்கு எல்லாவற்றுக்கும் அதுவே போதும்.

தேரா_துபாய்

தேங்காய் எண்ணெய் என்றதும் ஞாபகம் வந்தது. செக்யூரிட்டி விதி தெரியும்தானே? திரவம், ஜெல், பேஸ்ட் எதுவானாலும் டப்பா 100 மில்லிக்கு மேல் இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் ஒரு லிட்டர் அளவுள்ள, உள்ளே இருப்பது தெரிகிற கவரில் போட வேண்டும். 2006 ஆகஸ்டில் லண்டனில், அட்லான்டிக் தாண்டும் விமானங்களைத் திரவ வெடிமருந்தால் தகர்க்க நடந்த சதி பிடிபட்ட பிறகு வந்த கட்டுப்பாடு. சில விமான நிலையங்களில் புது ஸ்கேனர் வந்து தளர்த்தியிருக்கிறார்கள் என்றாலும் அதை நம்பி 200 கிராம் பேஸ்ட் எடுக்காதீர்கள், பாதி காலியான ட்யூபாக இருந்தாலும் மேலே அச்சிட்ட அளவைத்தான் பார்ப்பார்கள். கிட்டில் வரும் பேஸ்ட்டும் கிரீமும் இதில் அடங்கும் அளவுதான், திரும்பி வரும்போது அதையே எடுத்து வரலாம். கிட்டில் எனக்குப் பிடித்த உபயோகமே இதுதான், காலியானதும் மறுபடி நிரப்பிக்கொள்ளச் சின்ன டப்பாக்கள்.

ஜிப்பை_பிரியன்

இழையைப் பார்த்ததும் கை பரபரக்கிறது. நான் கிட் சேர்ப்பவன், முன்னமே சொல்லிவிடுகிறேன்.

உள்ளே இருப்பதை விடுங்கள், பையைப் பாருங்கள். லுஃப்தான்ஸா ஃபர்ஸ்ட் கிளாஸில் ரிமோவா என்ற விலையுயர்ந்த பயணப் பெட்டியின் குட்டி வடிவம் தந்தார்கள், தைவானின் ஈவா ஏரும் அப்படித்தான். ஃபின்லாந்தின் ஃபின்ஏர் என்றால் அந்த நாட்டு மரிமெக்கோ கம்பெனியின் துணி டிசைன். கத்தார் ஏர்வேஸில் டிப்டீக் வாசனைப் பொருள்கள். டெல்டா 2022-இல் சம்ஒன் சம்வேர் என்ற மெக்ஸிகோ நிறுவனத்தோடு சேர்ந்து அங்குள்ள கைவினைஞர்கள் செய்த துணிப்பையைத் தர ஆரம்பித்தது. நம்ம ஏர் இந்தியா டாட்டா கைக்கு வந்த பிறகு பிசினஸில் இத்தாலியின் ஃபெர்ரகாமோ கம்பெனி கிட் தருகிறது. இதற்கென்றே டிராவல்பிளஸ் என்று விருதெல்லாம் உண்டு.

வீட்டுக்கு வந்ததும் இந்தப் பைகளின் இரண்டாவது வாழ்க்கை ஆரம்பிக்கிறது. சார்ஜர் வயர் ஒன்றில், சிம் ஊசி, அடாப்டர் ஒன்றில். என் மாமியார் ஒன்றில் காலை மாத்திரை, ஒன்றில் இரவு மாத்திரை என்று நிறம் பார்த்து வைத்திருக்கிறார். நான் மாற்றிக் கொடுத்தால் திட்டு விழும்.

பழைய_பேப்பர்

> இந்தப் பைகளின் இரண்டாவது வாழ்க்கை

பிரியன் சார், அது உங்கள் வீட்டுக் கதை. மற்ற வீடுகளில் அது பீரோவின் மேல்தட்டு. தேவையில்லாத பொருளைத் தயாரித்து, தூக்கிக்கொண்டு பறந்து, அப்புறம் அதற்கு ஒரு தேவையைக் கண்டுபிடிப்பது எனக்கு ஒப்பவில்லை. அந்த எடைக்கும் எரிபொருள் எரிகிறதே.

இதில் ஒழுங்கான வழி ஒன்று இருந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் பிசினஸ் கிளாஸிலேயே பல காலம் தனிப் பை கிடையாது. சாக்ஸ், செருப்பு, கண் மாஸ்க் கொடுப்பார்கள். பிரஷ், ரேசர், சீப்பு எல்லாம் கழிப்பறை இழுப்பறையில் இருக்கும், வேண்டியவர் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். அப்புறம் அவர்களும் தனிப் பை தர ஆரம்பித்துவிட்டார்கள்! "ஏன் எங்களுக்கு மட்டும் பை இல்லை" என்று கேட்ட பயணிகளைத்தான் சொல்ல வேண்டும்.

ஜிப்பை_பிரியன்

கேட்டது நானும்தான். :)

ஆனால் ஒரு பக்கமாகப் பேசாதீர்கள் சார். எமிரேட்ஸ் எகானமிப் பையையே பாருங்கள், துவைத்துப் பயன்படுத்தக்கூடிய தாளில் செய்தது. பிரஷ்ஷில் கோதுமை வைக்கோல் கலந்திருக்கிறார்கள். சாக்ஸும் மாஸ்க்கும் மறுசுழற்சி பிளாஸ்டிக் நூல். போர்வை ஒவ்வொன்றும் 28 பழைய பாட்டில்களிலிருந்து வந்தது என்கிறார்கள். ஒன்றுமே செய்யாமல் இருப்பதற்கு இது தேவலை.

பழைய_பேப்பர்

கொடுக்காமல் இருப்பது அதைவிடத் தேவலை. கேட்பவர்களுக்குக் கொடுங்கள், போதும். இதற்கு மேல் நான் சண்டைக்கு வரவில்லை, பிரியன் சாருக்குச் சேகரிப்பு வளரட்டும்.

ஸ்காபரோ_சுதா

வணக்கம், கனடாவிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் எல்லாரும் ஆகாயத்தில் கிட்டின் உபயோகத்தைக் கதைக்கிறீர்கள். எனக்கு அது தரையில்தான் உதவியது.

அம்மம்மாவின் அந்திரட்டிக்கு (இறந்தவருக்குச் செய்யும் சடங்கு) கொழும்பு போன நேரம், நான் வந்து சேர்ந்தேன், பெட்டி வரவில்லை. எந்த விமானம் என்று சொல்ல விரும்பவில்லை. நடு இரவு, கடை ஒன்றும் திறந்திருக்காது. விமானத்தில் தந்த பையை நான் பிரிக்காமலே கைப்பையில் போட்டிருந்தேன். காலையில் பல் தீட்டியது அதால்தான், கால் மேசும் (சாக்ஸ்) அதிலிருந்ததுதான். பெட்டி மூன்றாம் நாள் பின்னேரம் வந்தது.

சனத்துக்குத் தெரியாத விஷயம் ஒன்று: பெட்டி வராவிட்டால் லக்கேஜ் மேசையிலேயே "ஓவர்நைட் கிட்" என்று ஒன்று கேளுங்கள். பல நிறுவனங்கள் வைத்திருக்கும். ஆகாயத்தில் தருவதைவிடப் பெரிது, டீ-ஷர்ட், பிரஷ், பேஸ்ட், ஷாம்பு, சில நேரம் ரேசரும் இருக்கும். தாமாகத் தர மாட்டார்கள், வாயைத் திறந்து கேட்க வேண்டும்.

கேட்டுவிட்டு அப்படியே வெளியே வந்துவிடாதீர்கள். பி.ஐ.ஆர். என்ற முறைப்பாட்டுப் படிவத்தை அங்கேயே நிரப்பி நம்பரை வாங்குங்கள். பெட்டி வரும்வரை வாங்கிய உள்ளாடை, மருந்து, சாமான் எல்லாவற்றின் ரசீதையும் வையுங்கள். 1999 மொன்றியல் ஒப்பந்தப்படி தாமதமான பெட்டிக்கு நியாயமான செலவைக் கேட்கலாம். உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), அதற்கு முன்பு 1,288. அது வரம்புதான், முழுவதையும் தூக்கித் தந்துவிடுவார்கள் என்று இல்லை. பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். பெட்டி உடைந்திருந்தால் 7 நாள்தான்.

வைகைக்கரை

சுதா அக்கா, இதை அப்படியே பிரிண்ட் எடுத்து அப்பாவின் ஃபைலில் வைக்கிறேன். கேட்டு வாங்குவது அவருக்குக் கஷ்டம், "எதுக்குப்பா தொந்தரவு" என்பார். ஆங்கிலத்தில் நாலு வரி எழுதிக் கொடுத்தால் காட்டிவிடுவார்.

எல்லாரும் சொன்னதை வைத்து நேற்று ராத்திரி ஒரு கவர் கட்டினேன்: இரண்டு பிரஷ், 50 கிராம் பேஸ்ட், பல் செட் டப்பா, தேங்காய் எண்ணெய் ஒரு சின்ன டப்பாவில், அப்பாவுக்குப் பழைய பருத்தி சாக்ஸ், மாட்டுகிற செருப்பு. செருப்பைத் தவிர மற்றதெல்லாம் சேர்த்து அரைக் கிலோகூட வரவில்லை. இதற்கா இவ்வளவு யோசித்தோம் என்று அம்மா கேட்கிறார். கண் மாஸ்க்கும் காதடைப்பானும் விமானத்தில் தந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அம்மாவுக்கு இரண்டு சந்தேகம். ஒன்று, அந்தப் பையை வீட்டுக்கு எடுத்துவரலாமா, தப்பாக நினைப்பார்களா? 28 பாட்டில் போர்வையையும் சேர்த்துக் கேட்கிறார். இரண்டாவது, கைப்பையில் விபூதியும் கொஞ்சம் சாம்பார்ப் பொடியும் இருக்கிறது.

தேரா_துபாய்

பை உங்களுடையது, உள்ளே இருப்பதும் உங்களுடையது, தாராளமாக எடுத்துவரலாம். போர்வை, தலையணை, ஹெட்போன் அவர்களுடையது. இறங்கும் முன் ஹெட்போனை எடுக்க அவர்களே வருவார்கள், போர்வையை அம்மா மடித்து சீட்டிலேயே வைத்துவிடட்டும்.

விபூதி சின்னப் பொட்டலம் என்றால் பிரச்சினை இல்லை. சாம்பார்ப் பொடியைச் செக்-இன் பெட்டிக்கு மாற்றுங்கள். அமெரிக்கா போகும் விமானங்களில் 2018 ஜூனிலிருந்து, கைப்பையில் 350 மில்லி அளவுக்கு மேல் பொடி இருந்தால் தனியாகப் பிரித்துச் சோதிப்பார்கள், சந்தேகம் வந்தால் ஏற்ற விடமாட்டார்கள். பெட்டியில் வைக்கும்போது இரண்டு கவர் போட்டு, வாயை டேப் ஒட்டிவிடுங்கள். தங்கையின் குழந்தைத் துணியும் அதே பெட்டியில்தானே போகிறது?

வைகைக்கரை

அதே பெட்டிதான். இப்போதே பிரிக்கிறேன்.